முதல் நாள் பாக்ஸிங் வகுப்பு: பருத்தியா, பாலியெஸ்டரா?

போன வருடம் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு பாக்ஸிங் வகுப்பில் சேர்ந்தேன். மதுரை அண்ணா நகரில் ஒரு மொட்டைமாடி, மேலே தகரக் கூரை, குத்துவதற்கு மூன்று பை, நான்கு மின்விசிறி. அதில் ஒன்று மாஸ்டரின் நாற்காலிக்கு மட்டும் காற்று தரும். என்ன உடுத்துவது என்று கேட்டதற்கு, "ஃப்ரீயா இருக்கிற டிரெஸ் எதுனாலும் போட்டு வாங்கக்கா" என்றார் மாஸ்டர். அந்த "எதுனாலும்" எனக்கு இரண்டு மாதக் குழப்பத்தையும் சில நூறு ரூபாய்ச் செலவையும் இழுத்து வைத்தது.

ஜீன்ஸையும் சுடிதாரையும் பேசவே வேண்டாம். சுடிதாருக்குப் போடுகிற மெல்லிய லெக்கிங்ஸ் குந்தி எழும்போது எவ்வளவு காட்டிக்கொடுக்கும் என்பதை வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒரு தடவை குந்திப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அதை வகுப்பில் வைத்துத் தெரிந்துகொண்டேன். கணுக்காலோடு நிற்கிற ட்ராக் பேன்ட் போதும். குதிகாலுக்குக் கீழே இறங்கினால் ஸ்கிப்பிங் ஆடும்போது காலில் மிதிபடும். ஸ்போர்ட்ஸ் பிரா கட்டாயம், அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

மிச்சம் இருப்பது மேல்சட்டை. வழக்கமான பருத்தி டி-ஷர்ட்டா, 'ட்ரை ஃபிட்' என்று விற்கிற பாலியெஸ்டரா?

மதுரையில் யாரைக் கேட்டாலும் "இந்த வெயிலுக்குக் காட்டன்தாம்மா" என்பார்கள். நானும் அப்படி நம்பியவள்தான். சுங்குடிச் சேலை கட்டிப் பழகிய வீடு எங்களுடையது. பாலியெஸ்டர் என்றாலே உடம்பு அரிக்கும் என்பது அத்தையின் தீர்ப்பு. கடைத்தெருவுக்குப் போக, அடுப்படியில் நிற்க என்றால் இன்றைக்கும் எனக்குப் பருத்திதான். பாக்ஸிங்கில் அந்தக் கணக்கு உதைத்தது.

வீட்டில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கிறேன். அதனால் கிராம் சுத்தமாகக் காட்டும் தராசு ஒன்று இருக்கிறது. ஒரு நாள் வகுப்புக்குக் கிளம்பும் முன் பருத்தி டி-ஷர்ட்டை அதில் வைத்தேன்: 178 கிராம். திரும்பி வந்ததும் தராசின் மேல் பாலிதீன் பையை விரித்து மறுபடி வைத்தேன்: 371. "பொடி நிறுக்கிற தராசும்மா அது!" என்று அத்தை அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டார். மறுநாள் பாலியெஸ்டரின் முறை. போகும்போது 124, வரும்போது 203. ஒரு தடவை நிறுத்ததை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் கிட்டத்தட்ட 200 கிராம் ஈரம் தோளிலும் முதுகிலும் ஒட்டிக்கொண்டு, ஜாப் என்கிற நேர்குத்து விடக் கையை நீட்டும்போதெல்லாம் பிடித்து இழுத்தது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

பருத்தி நார் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். சும்மா காற்றில் கிடக்கும்போதே 100 கிராம் பருத்தியில் 7, 8 கிராம் ஈரம் இருக்கும். பாலியெஸ்டரில் அரை கிராம்கூடத் தேறாது. வியர்வை நாருக்குள் போகாமல் இடுக்குகள் வழியே பரவி வெளிப்பக்கம் வந்து உலர்ந்துவிடுகிறது. இதற்காகப் பளபளவென்று நெருக்கமாகப் பின்னிய ஜெர்சியை வாங்கிவிடாதீர்கள், அது ரெயின்கோட் மாதிரி புழுங்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித்துளைகள் தெரிய வேண்டும். விளக்குத்தூண் பக்கம் அப்படி ஒன்றை 220 ரூபாய்க்கு எடுத்தேன்.

என் முடிவைத் தீர்மானித்தது துவைத்துக் காயப்போடுகிற பாடுதான். வகுப்பு வாரத்துக்கு ஐந்து நாள். ராத்திரி எட்டு மணிக்கு அலசிப் போட்ட பாலியெஸ்டரைக் காலையில் மடித்து வைத்துவிடலாம். மே மாதத்தில் பருத்தியும் மொட்டைமாடியில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், குறை சொல்ல முடியாது. ஐப்பசி அடைமழையில் பாருங்கள். வீட்டுக்குள் கொடி கட்டி, மின்விசிறியைப் போட்டு விட்டாலும் கழுத்துப்பட்டியும் கக்கமும் மூன்றாம் நாள்வரை ஈரம். போட்டால் ஊறிய சாக்கு வாடை. பருத்தியை நம்பினால் நான்கு சட்டை வேண்டும். பாலியெஸ்டரில் இரண்டை வைத்தே பத்து மாதம் ஓட்டியிருக்கிறேன். அதற்கு மேல் உழைக்குமா என்பதை இன்னும் பார்க்கவில்லை.

அதற்காகப் பாலியெஸ்டர் சாமர்த்தியசாலி என்று நினைக்க வேண்டாம். அதன் சாபம் நாற்றம். உடம்பின் எண்ணெய்ப் பசை அந்த நாரில் பிடித்துக்கொண்டு லேசில் போகாது. முதல் மாதம் வகுப்புச் சட்டையைப் பைக்குள்ளேயே ஒரு ராத்திரி விட்டுவிட்டேன். துவைத்த பிறகு வாடையே இல்லை. மறுநாள் உடம்பு சூடேறிய பத்தாவது நிமிடத்தில் கிளம்பியது பாருங்கள்! எதிரில் நின்று பயிற்சி செய்த கல்லூரிப் பெண், பாவம், முகத்தைத் திருப்பிக்கொண்டே குத்தினாள். இப்போது வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உட்புறத்தை வெளியே திருப்பி அலசிவிடுகிறேன். மாதம் ஒரு தடவை அரை வாளித் தண்ணீரில் இரண்டு மூடி வினிகர் விட்டு அரை மணி ஊறவைப்பேன். துணியை மெத்தென்று ஆக்கும் திரவம் கூடாது. அது நாரின் மேல் படிந்து வியர்வை பரவுவதைக் கெடுத்துவிடும். இவ்வளவு மெனக்கெட முடியாது என்பவர்களும், வேர்க்குருத் தொல்லை உள்ளவர்களும் பருத்தியிலேயே இருந்துகொள்ளலாம்.

கராத்தே என்றால் கதை வேறு. அங்கே என் அனுபவம் அக்கா மகளை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்த அளவுதான். சேரும் முன்பே சீருடை வாங்க வேண்டாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அக்கா ஆசையாக ஒரு கடையில் வாங்கி வந்தது ஜூடோ உடை. ஜூடோவில் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் எதிராளியைச் சாய்ப்பார்கள், அதனால் அது ஜமுக்காளம் மாதிரி தடிமன். கராத்தே உடை அதைவிட மெலிசு. பிள்ளை ஒரு வாரம் அந்த ஜமுக்காளத்துக்குள் வெந்தாள். பருத்திச் சீருடை முதல் துவைப்பில் சுருங்கும் என்பதால் ஒரு அளவு பெரிதாக எடுப்பது நல்லது. முதல் சில நாளுக்கு டி-ஷர்ட், ட்ராக் பேன்ட் போதுமா என்று மாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள். அதில் ஜிப் வைத்த பாக்கெட் இருக்கக் கூடாது. பிடித்து விளையாடும்போது அடுத்தவர் விரல் மாட்டும்.

மெட்டியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வெறுங்காலில் உதைக்கிற வகுப்பில் அது அடுத்தவர் தோலைக் கிழிக்கும். தாலிச் சங்கிலியை நான் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். அத்தை ஒரு வாரம் பேசவில்லை, அப்புறம் அவரே வாங்கி பீரோவில் வைக்க ஆரம்பித்தார். சட்டைக்குள் விட்டு ஊக்குக் குத்துவது அதைவிட ஆபத்து. கொண்டைக்குப் பெரிய பிளாஸ்டிக் கிளிப் போட்டுப் போனால் வயிற்றுப் பயிற்சிக்கு மல்லாக்கப் படுக்கும்போது பின்மண்டையில் ஏறும். துணி சுற்றிய ரப்பர் பேண்ட் நல்லது.

முதல் நாளுக்கென்று கடைக்குப் போவதாக இருந்தால் கைக்கட்டு, அதாவது கையுறைக்கு உள்ளே கையில் சுற்றிக்கொள்கிற துணிப்பட்டை, மட்டும் வாங்குங்கள். வீட்டில் கிடக்கிற பழைய பருத்தி டி-ஷர்ட்டே அன்றைக்குப் போதும். பெரியவர்களுக்கான கட்டு ஒரு கைக்கு நாலரை மீட்டர். இரண்டு கைக்கும் சேர்த்தால் மடிசாரே கட்டலாம். குட்டையானதை மலிவாகத் தருகிறார்கள் என்று எடுத்தால் மணிக்கட்டோடு தீர்ந்துபோகும், விரல் முட்டிக்கு மிஞ்சாது. துவைக்கும்போது வலைப்பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் மெஷினிலிருந்து மற்ற துணிகளையும் சுற்றிக்கொண்டு ஒரே பந்தாக வரும்.