வல்கனுக்கு அழ நேரம் தராத படம்

விண்கப்பலில் கிரகம் கிரகமாகப் போகிறவர்களின் கதையான ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க டீவி தொடரை நான் முதலில் பார்த்தது மலையகத்துப் பொகவந்தலாவையில், எங்கள் தோட்ட லயத்து இஸ்தோப்பில். கரண்ட் இல்லாத காலம். கார் பெட்டரியில் ஓடும் டீவி, வாடகைக்கு எடுத்த டெக். எம்.ஜி.ஆர். படம் முடிந்து சனம் கலைந்த பிறகு, கொழும்பில் கடையில் நின்ற அண்ணன் தான் கொண்டுவந்த கேசட்டைப் போடுவான். ஒரு சொல் விளங்காது. "அந்த நீளக் காதுக்காரன் சிரிக்கவே மாட்டானா?" என்று அம்மா கேட்பார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. 1966 முதல் 1969 வரை வந்த 79 பாகங்களையும் எத்தனை தடவை பார்த்தேன் என்று, கணக்கு டீச்சராக இருந்தும், எனக்குக் கணக்கில்லை.

அதனாலேயே 2009இல் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் புது முகங்களை வைத்து எடுத்த படத்தைப் பல வருஷம் தொடவில்லை. போன லீவில் மகள் பிடிவாதமாக லேப்டொப்பில் போட்டுவிட்டாள்.

நல்லதை முதலில் சொல்கிறேன். பழைய கதையை அழிக்காமலே புதுக்கதை தொடங்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். எதிர்காலத்திலிருந்து ரோமுலன் என்ற எதிரி இனத்து நீரோ வந்து விழுகிறான், பின்னாளில் கப்பலுக்குக் கேப்டனாகும் கேர்க் பிறக்கும் நேரத்திலேயே காலம் வேறு கிளையாகப் பிரிகிறது. பழைய கிளை அப்படியே இருக்கிறது. அங்கிருந்து வரும் வயதான ஸ்பாக்காக, அதே நீளக் காதுக்காரனாக, பழைய தொடரில் நடித்த லெனர்ட் நிமோயே நடிக்கிறார். பனிக்குகைக்குள் அந்த முகத்தைப் பார்த்ததும் நான் படத்தை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். அழுததை மகள் பார்க்கக் கூடாதே. டாக்டர் மெக்காயாக வரும் கார்ல் அர்பனின் சிடுசிடுப்பும் பழையவரின் அச்சு.

கப்பலின் இயந்திர அறை என்று காட்டுவது உண்மையில் கலிபோர்னியாவில் உள்ள ஒரு பியர் தொழிற்சாலை. யாரும் சொல்லாவிட்டாலும் எனக்குப் பிடிபட்டிருக்கும். அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். அந்தக் குழாய் வளைவும் வால்வும் சீமெந்துத் தரையும் விண்கப்பலுக்கு உரியவை அல்ல. மேல் தளத்திலோ கண்ணைக் கூசும் வெளிச்சக் கீற்றுகள். அது அதிகம்தான் என்று இயக்குநரே பிறகு ஒப்புக்கொண்டார்.

நீரோவின் கையில் உள்ள சிவப்புப் பொருள் ஒரு துளி போதும், ஒரு கிரகமே காலி என்கிறார்கள். பிறகு எதற்கு அவ்வளவு பெரிய உருண்டை? படித்து முடிக்காத கெடட் கேர்க் கடைசியில் கப்பலுக்கே கேப்டன். பயிற்சி ஆசிரியரை நேரே அதிபர் கதிரையில் உட்கார வைத்தது போல. போகட்டும்.

எனக்குப் பொறுக்காதது வல்கன். ஸ்பாக்கின் கிரகம் கண்முன்னே உள்ளே சுருண்டு விழுகிறது, அவன் அம்மாவும் அதோடு போகிறார். ஆறு பில்லியன் பேரில் பத்தாயிரம் பேர்கூடத் தேறியிருக்க மாட்டார்கள் என்று ஸ்பாக் பதிவேட்டில் சொல்கிறான். சொன்ன கையோடு அடுத்த சண்டை, அடுத்த பகிடி. கப்பலின் இன்ஜினியர் ஸ்கொட்டி தண்ணீர்க் குழாய்க்குள் மாட்டிக்கொள்கிறான், மகள் சிரிக்கிறாள், நான் இன்னும் வல்கனிலேயே நிற்கிறேன். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் எங்கள் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அதில் எங்கள் பெரியம்மா குடும்பமும் ஒன்று. ஹட்டன் ஸ்டேஷனில் அவர்கள் கோச்சி ஏறியதை அம்மா சொல்லத் தொடங்கினால் அந்த இரவு அதோடு சரி. பழைய தொடர் என்றால் இப்படி ஒரு இழப்புக்கு ஒரு முழுப் பாகத்தையே கொடுத்திருக்கும்.

ஒரே ஒரு இடம் விதிவிலக்கு. கப்பலின் தகவல் தொடர்பு அதிகாரி ஊஹுராவை ஸ்பாக்கின் காதலியாக்கியதை நான் திட்டிக்கொண்டே பார்த்தேன். எங்கள் ஊஹுரா தன் வேலையால் நின்றவள். பழைய தொடரில் அவளாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் விலக நினைத்தபோது மார்ட்டின் லூதர் கிங் தடுத்த பாத்திரம் அது. ஆனால் அவள் லிப்டை நடுவழியில் நிறுத்தி, அவனைக் கட்டிப்பிடித்து, உனக்கு என்ன வேணும் என்று கேட்கிறாளே, அங்கே வாயை மூடிக்கொண்டேன். எல்லாரும் அவரவர் வேலையைத் திறம்படச் செய்தால் போதும் என்கிறான் அவன். படத்தில் துக்கம் இருப்பது அந்த லிப்டுக்குள்தான்.

2013இலும் 2016இலும் வந்த அடுத்த இரண்டையும் இன்னும் பார்க்கவில்லை. மகள் இப்போது பழைய தொடரில் இருக்கிறாள். பாறை அட்டை மாதிரித் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சாப்பிட வா என்று கூப்பிட்டால் மட்டும் வருவதில்லை.