பி.ஏ.எஸ்.எல்.பி.யா, சிறப்புக் கல்வி பி.எட்.டா?

பேசத் தாமதமாகும் குழந்தைகள், காது கேளாத குழந்தைகள் இவர்களோடு வேலை செய்ய விரும்பும் பிளஸ் டூ மாணவர்களுக்கு பி.ஏ.எஸ்.எல்.பி. (செவித்திறன், பேச்சு சிகிச்சைக்கான இளநிலைப் பட்டம்) படிப்பதா, சிறப்புக் கல்வி பி.எட். (மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஆசிரியர் பட்டம்) படிப்பதா என்ற குழப்பம் வரும். இரண்டுக்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரமும், படித்து முடித்த பிறகு அங்கே பதிவும் வேண்டும். ஒற்றுமை அவ்வளவுதான்.

பி.ஏ.எஸ்.எல்.பி. அறிவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது. மூன்று ஆண்டு படிப்பு, அப்புறம் ஓராண்டு பயிற்சிப்பணி. ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) எடுப்பது, ஹியரிங் எய்டு பொருத்திச் சரிசெய்வது, திக்குவாய்க்கும் பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுக்கும் பயிற்சி தருவது, விழுங்கும் சிரமத்தைக் கவனிப்பது என்று வேலைகள் பல; குழந்தை முதல் முதியவர் வரை வருவார்கள். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இதற்குப் பெயர்பெற்றது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டிலும் படிக்கலாம்.

சிறப்புக் கல்வி பி.எட். ஏதாவது ஒரு பட்டம் முடித்த பிறகு இரண்டு ஆண்டு. செவித்திறன் குறைபாடு, பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு என ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதி, ஆண்டு முழுக்க அதே பிள்ளைகளோடு இருப்பது இந்த வேலை.

கருவியும் பரிசோதனையும் பிடித்தால் முதலாவது சரி. வகுப்பறையும் பெற்றோரோடு நீண்ட பழக்கமும் பிடித்தால் இரண்டாவதே. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சேரும் முன் ஒரு சிகிச்சை மையத்திலும் ஒரு சிறப்புப் பள்ளியிலும் சில நாள் உட்கார்ந்து பாருங்கள்.