பாஞ்சோ: கிளாஹேமரா, மூன்று விரலா?

ஐந்து கம்பி பாஞ்சோ (தோல் போர்த்திய வட்ட முகமுள்ள கம்பிக் கருவி) வாங்க முடிவு செய்தவர்கள் அடுத்து முழிப்பது இங்கேதான். அமெரிக்க அப்பலாச்சிய மலைப்பகுதியின் ஓல்ட்-டைம் என்ற பழைய நாட்டுப்புற இசையா (கிளாஹேமர் பாணி), வேகமான புளூகிராஸா (மூன்று விரல் பாணி)?

வலது கை:
கிளாஹேமரில் (ஓல்ட்-டைம்) விரல்களை மடக்கி, நகத்தின் முதுகால் கம்பியைக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். அதே வீச்சில் கட்டைவிரல் ஐந்தாம் கம்பியில் போய் உட்காரும். கை எழும்போது அதைச் சுண்டிவிடும். முதல் வாரம் நகம் கம்பியைத் தவறவிட்டு, பாஞ்சோவின் தோலில் 'தப்' என்றுதான் விழும். பரவாயில்லை, தாளம் மட்டும் விடக் கூடாது.
புளூகிராஸில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மாறி மாறி மீட்டும் 'ரோல்'. 1945 இறுதியில் பில் மன்றோவின் புளூகிராஸ் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பிரபலமாக்கிய பாணி. வேகம் வர மாதங்கள் ஆகும்.

கருவி:
ஓல்ட்-டைமுக்குத் திறந்த முதுகு பாஞ்சோ. எடை குறைவு, பெரும்பாலும் விலையும்.
புளூகிராஸுக்குப் பின்னால் ரெசனேட்டர் (ஒலியை முன்னோக்கித் தள்ளும் மூடி), விரல்களில் மாட்டி மீட்ட பிக். சத்தம் கணீரென்று வரும். அக்கம்பக்கத்தாரையும் யோசியுங்கள்.

சுருதி:
ஓல்ட்-டைமில் பாட்டுக்கு ஏற்ப மாற்றுவார்கள்.
புளூகிராஸ் பெரும்பாலும் ஓப்பன் ஜி (கம்பிகளை அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் கார்டு ஒலிக்கும் சுருதி).

சேர்ந்து வாசிக்க:
ஓல்ட்-டைமில் ஃபிடிலோடு எல்லோரும் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். புதியவர் ஓரமாக ஒட்டிக்கொள்ளலாம்.
புளூகிராஸில் ஒவ்வொருவருக்கும் தனியாக வாசிக்கும் முறை வரும். உங்கள் முறை வரும்போது கை நடுங்கும்.

தனியாகப் பாடிக்கொண்டே வாசிக்க ஆசையா? கிளாஹேமர். குழுவில் பளிச்சென்று தெரிய வேண்டும், தினமும் மெட்ரோனோமோடு (தாளம் காட்டும் கருவி) உட்காரவும் தயார் என்றால் மூன்று விரல்.