"கன்ட்ரோலர் போச்சு" என்றதும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

போன வருஷக் கடைசியில் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு யார்டில் 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்று வாங்கினேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய மெஷின். மீட்டரில் 11,000 மணி நேரத்துக்கு மேல். விலை 52,000 வெள்ளி. இங்கே மண்வேலை சப்கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிற நம் ஆட்கள் பலர் இப்படித்தான் தொழிலை ஆரம்பிக்கிறார்கள். எனக்கு நடந்தது அவர்களில் ஒருவருக்கும் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பார்க்கப் போன நேரத்தில் எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. மானிட்டரில் பழைய எரர் கோட் (கோளாறு வந்தால் மெஷின் பதிவு செய்யும் நம்பர்) பக்கத்தையும் அவர்களாகவே திறந்து காட்டினார்கள். ஒன்றுகூட இல்லை. நல்ல மெஷின் என்று சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. 11,000 மணி நேரம் ஓடிய மெஷினில் ஒரு தடவைகூட பேட்டரி வோல்டேஜ் இறங்கியிருக்காதா? ஒரு கனெக்டரில்கூட தண்ணீர் போயிருக்காதா? அந்தப் பக்கம் காலியாக இருந்தால் யாரோ அழித்திருக்கிறார்கள். காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய், உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஒரு மணி நேரமாவது வேலை வாங்கிவிட்டு, திரும்பவும் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

தெங்கா சைட்டில் மூன்றாம் நாள் மழை விட்ட பிறகு மெஷின் படுத்துவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை, ஆனால் வேகம் ஏறவில்லை. பக்கெட்டில் பாதி மண்ணைத் தூக்கவே திணறியது. தெரிந்தவர் மூலமாக ஒருவரை வரவழைத்தேன். நம்ம ஊர் ஆள்தான். லேப்டாப்பை மாட்டினார், மூன்று கோட் வந்தது: 3509-4, 100-4, 102-4. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "அண்ணே, கன்ட்ரோலர் போச்சு. யாரோ பேட்டரி ஒயரைக் கழற்றாமல் வெல்டிங் அடிச்சிருக்காங்க" என்றார். கன்ட்ரோலர் என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி.

பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் செய்தால் கன்ட்ரோலர் எரியலாம் என்பது உண்மைதான். பக்கெட்டில் புது வெல்டிங் இருந்ததை நானே பார்த்திருந்தேன். அதனால் நம்பிவிட்டேன். பழைய கன்ட்ரோலர் ஒன்றுக்கு 4,600, புரோகிராம் செய்ய 800, வந்து போனதற்கு 350 என்று மொத்தம் 5,750 வெள்ளி கொடுத்தேன். மாட்டியதும் மெஷின் நன்றாக ஓடியது. ஒன்றரை நாள்தான். மறுபடியும் அதே மூன்று கோட். இந்தத் தடவை, "ஹார்னஸ் முழுசா மாத்தணும்ணே, 7,000 ஆகும்" என்றார். ஹார்னஸ் என்றால் மெஷினுக்குள் ஓடுகிற ஒயர்க் கட்டு. இரண்டு தடவை வந்தும் அந்த ஆள் வோல்ட் அளக்கிற மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை.

அதற்குள் வாடகை மெஷின் எடுத்து வேலையைச் சமாளித்துக்கொண்டிருந்தேன். மெயின் கான்ட்ராக்டர் தினமும் போன் செய்தார். டெக்காவில் ஒரு நண்பரிடம் புலம்பியபோது அவர்தான் ஒரு பெரியவரிடம் சொல்லி அனுப்பினார். முப்பது வருஷமாகக் கனரக மெஷின்களில் ஒயரிங் பார்த்தவர். கையில் ஒரு மல்டிமீட்டரும் டார்ச்சும் மட்டும்தான்.

முதலில் இரண்டு பேட்டரியும் சேர்ந்து எவ்வளவு என்று பார்த்தார். 25.3 வோல்ட், நல்ல நிலைமை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசுகிற கேன் லைன் ஒயர் இரண்டுக்கும் நடுவில் அளந்தார். 60 ஓம். "ரெண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கு தம்பி, சேர்ந்தா 60 வரணும். இந்த லைன் நல்லா இருக்கு" என்றார். அப்புறம்தான் அந்த நம்பர்களுக்கு அர்த்தம் சொன்னார். 100 என்றால் ஆயில் பிரஷர், 102 என்றால் பூஸ்ட் பிரஷர் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளுகிற காற்றின் அழுத்தம்), 3509 என்றால் சென்சார்களுக்குப் போகிற 5 வோல்ட் சப்ளை. பின்னால் இருக்கும் 4, வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிடக் குறைவு என்று சொல்கிறது. அதுவே 3 என்றால் அதிகம், 5 என்றால் பெரும்பாலும் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. எந்தச் சாமான் கெட்டது என்று கோட் சொல்லாது, எந்த லைனில் தேட வேண்டும் என்றுதான் சொல்லும். ஒரே 5 வோல்ட் லைனில் இருக்கிற சென்சார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதால் அந்த லைன் எங்கோ மெஷினின் இரும்பு பாடியில் படுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டுமாம்.

பேட்டரியைத் திரும்ப மாட்டி, சாவியைப் போட்டு, சென்சார் கனெக்டரில் மீட்டரை வைத்தார். 0.4 வோல்ட். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மாற்றம் இல்லை. பிறகு ஹார்னஸைக் கையால் பிடித்துக்கொண்டே எஞ்சின் ஓரமாக ஒவ்வொரு கிளாம்பாக நகர்ந்தார். ஓரிடத்தில் லேசாக இழுத்ததும் மீட்டர் 4.98-க்கு ஏறியது. விட்டதும் இறங்கியது. அங்கே கிளாம்பின் ரப்பர் தேய்ந்துபோய், ஹார்னஸ் பிராக்கெட்டின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. கறுப்பு உறையைப் பிரித்தால் உள்ளே ஒரு ஒயரில் நகக்கண் அளவுக்குத் தோல் போய், செம்பு பச்சை பூத்திருந்தது. கன்ட்ரோலர் மாற்றும்போது ஹார்னஸைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறார்கள், அதனால்தான் ஒன்றரை நாள் ஓடியிருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி, புது ஒயர் சேர்த்து, ஸ்லீவ் போட்டுச் சுருக்கி, ரப்பர் வைத்த புது கிளாம்பில் கட்டினார். இரண்டரை மணி நேரம், 250 வெள்ளி.

என் பழைய கன்ட்ரோலர் கெட்டே போகவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் காட்டுவதற்கு அது என் கையில் இல்லை. கழற்றியதை முதல் ஆளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்டபோது ஸ்கிராப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் செய்த பெரிய தப்பு இதுதான். எந்தச் சாமானை மாற்றினாலும் கழற்றியது உங்களிடம்தான் இருக்க வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வந்தது, எத்தனை ஓம் வந்தது என்று பில்லில் எழுதித் தரவும் கேளுங்கள். என் பில்லில் "ரிப்பேர்" என்ற ஒரு வார்த்தையும் ஒரு தொகையும்தான் இருந்தது.

தொழிலுக்கு வாங்கிய மெஷின் என்பதால் லெமன் சட்டம் (கோளாறான பொருள் வாங்கிய நுகர்வோரைப் பாதுகாக்கிற சட்டம்) எனக்கு உதவவில்லை. ஆனால் சிறு கோரிக்கை மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரைக்கும், இரண்டு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்டால் 30,000 வரைக்கும் கேட்கலாம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், வக்கீல் வைக்க முடியாது. அந்த முதல் ரிப்பேர் ஆள் மேல் நான் போனேன். கையில் சாமானும் இல்லை, சரியான பில்லும் இல்லை. கடைசியில் 1,500 வெள்ளிக்குச் சமாதானம் ஆனது.

என் ஆபரேட்டர் தம்பி கன்ட்ரோலரைக் கழற்றிய அன்று ஒரு போட்டோ எடுத்திருக்கிறான். அதில் சீரியல் நம்பர் தெளிவாகத் தெரிகிறது, மேல் மூலையில் ஆழமான ஒரு கீறலும் இருக்கிறது. இந்தச் சில மாதத்தில் யாருக்காவது அப்படிக் கீறல் விழுந்த பழைய கன்ட்ரோலரை மாட்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள், நம்பரை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.