எம்எக்ஸ்-5 மேனுவல்: ரெண்டாவது கியர் போதும், 219-ஐ விடுங்க

ஃப்ரெண்டு ஒருத்தன் மாஸ்டா எம்எக்ஸ்-5 (ரெண்டு சீட்டு, துணிக்கூரை ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கலாமான்னு யோசிக்கிறான், நான் அதே கார்ல என்டி (நாலாவது தலைமுறை) மாடல் 2.0 லிட்டர் மேனுவல் வச்சிருக்கேன்னு என்கிட்ட வந்தான். வந்ததும் வராததுமா "டாப் ஸ்பீட் 219 கிலோமீட்டர் தானாமே?"ன்னான். எரிச்சலா வந்துச்சு. பவர், மைலேஜ், டிக்கி அளவு எல்லாம் எங்க வேணா கிடைக்கும், அதனால கியர் பத்தி மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த 219. அது ஆறாவது கியர்ல வர்ற வேகமே இல்ல. டயர் சுற்றளவையும் கியர் ரேஷியோவையும் (வெளிய ஒரு சுத்து வர உள்ள எத்தனை சுத்து சுத்தணும்ங்கற எண்) வச்சு கணக்குப் போட்டா, அஞ்சாவதுல 219 போறப்ப இன்ஜின் 6,950 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) பக்கம் சுத்தும். இதோட 184 குதிரையும் முழுசா கிடைக்கிறது 7,000-ல. அதாவது அஞ்சாவதை அளந்து அளந்து வச்சிருக்காங்க. ஆறாவதுல அதே வேகத்துக்கு 5,400 தான் வரும், அங்க காத்தைத் தள்ளிட்டுப் போற சக்தி இன்ஜின்கிட்ட இல்ல. வெறும் கணக்குல பாத்தா ஆறாவது ரெட்லைன்ல (இன்ஜின் சுத்தலாம்ங்கற உச்ச வரம்புல) 300-ஐத் தாண்டணும், சும்மா பேப்பர்ல பாத்துக்கலாம். வேகம் 10 சதவீதம் கூடணும்னா பவர் 33 சதவீதம் கூடணும், காத்து அப்படி இழுக்கும்.

இதுக்கு நேர் எதிர் கதை மெக்லாரன் எஃப்1-ங்கற 1990கள் சூப்பர் கார். அதுல பவர் மிச்சம் இருந்துச்சு, இன்ஜின் சுத்துக்கு வச்ச ரெவ் லிமிட்தான் முட்டுச்சு. 1998-ல லிமிட்டரை 7,500-லேந்து 8,300-க்கு ஏத்தி விட்டப்புறம்தான் 386 கிலோமீட்டர் வந்துச்சு, அதுவும் ஆறு கியர் மேனுவல்ல.

சரி நம்ம வண்டிக்கு வருவோம். ரேஷியோ பட்டியலைப் பாத்து "முதல் கியர் 5.087, அடேங்கப்பா எவ்ளோ ஷார்ட்டு"ன்னு (அதாவது இழுவை ஜாஸ்தி, எட்டுற வேகம் கம்மி) குதிக்கிறவங்க ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற கடைசி ரேஷியோ) 2.866-ங்கறதைப் பாக்கறதே இல்ல. ரெண்டையும் பெருக்குனா 14.6 தான். இதுக்கு முந்தின தலைமுறையான என்சி ஆறு கியர் மாடல்ல 3.815-ஐ 4.1-ஆல பெருக்குனா 15.6, அதுதான் இதை விட ஷார்ட்டு! இதுல ஆறாவது நேரடி 1.000, இன்புட் ஷாஃப்ட்லேந்து சுத்து அப்படியே அவுட்புட்டுக்குப் போயிடும், நடுவுல பல்லு தேய்ஞ்சு வீணாப் போறது குறைவு.

ஆனா எனக்கு இந்த வண்டின்னா ரெண்டாவது கியர்தான். 40-ல வளைவுக்குள்ள நுழைஞ்சு, வெளிய வர்றப்ப மிதிச்சா 7,500 வரைக்கும் இழுத்துட்டுப் போகும், 100 தாண்டுனதும் லிமிட்டர் வெட்டும். அதுக்கு ஒரு நொடி முன்னாடி மூணாவதைத் தட்டுனா ஊசி 5,100-ல வந்து நிக்கும், அங்கேயும் இழுவை குறையாது. லிவர் நகர்ற தூரம் ரொம்பக் கம்மி, மணிக்கட்டை அசைச்சாலே வேலை முடிஞ்சுது. போர்ஷே 718 கேமன் ஜிடி4-ல ரெண்டாவதே 135 வரைக்கும் போகும், ரொம்ப நீளம்னு ஓட்டிப் பாத்த நிறைய பேர் எழுதியிருக்காங்க. 420 குதிரை இருந்தும் சாதா ரோட்டுல மூணாவது போடவே வாய்ப்பு வராதுன்னா அந்த மேனுவலை வச்சுட்டு என்ன பண்றது?

நியாயமா சொல்லணும்னா குறையும் இருக்கு. ஹைவேல 120-ல போனா ஆறாவதுலேயே 3,000 ஆர்பிஎம் கிட்ட இருக்கும், இந்தத் துணிக்கூரைக்கு அந்தச் சத்தம் காத்தோட சேர்ந்து மணிக்கணக்கா கூடவே வரும், ஏறுற ரோட்டுல ஒரு லாரியைத் தாண்டணும்னா நாலாவதுக்கு இறங்கியே ஆகணும், இறங்கலேன்னா சும்மா முனகிட்டுதான் இருக்கும். பழைய கார்வெட் சி5 மாதிரி 0.50-ல ஒரு ஓவர்டிரைவ் (இன்ஜின் மெதுவா சுத்தியே வேகமா போக வைக்கிற கியர்) குடுத்தா அமைதியா போகலாமேன்னு தோணும். ஆனா அதுக்கு 5.7 லிட்டர் வி8 வேணும், இந்த இன்ஜினுக்கு அதைக் குடுத்தா சமதரையிலேயே மூச்சு வாங்கும்.

அவன்கிட்ட வாங்காதன்னுதான் சொன்னேன். வாரா வாரம் ஹைவேல நெடுந்தூரம் போறவன் அவன், வளைவு ரோடு பக்கமே போக மாட்டான், இந்த கியர்பாக்ஸ் அவன் கையில வீணாப் போகும். ஒரு நல்ல ஆட்டோமேட்டிக் செடான் எடுத்துக்கட்டும். நான் விக்கப் போறேனான்னும் கேட்டான், மாட்டேன்னுட்டேன்.