தெருமுனை மாவுக்கடை: சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்லும் கடை

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கடை மாவைப் பாராட்டி எழுதக் கொஞ்சம் தைரியம் வேண்டும். வெட் கிரைண்டர் 1955ல் பிறந்த ஊர் இது, அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிய ஊர். இங்கே "மாவு கடையில்தான் வாங்குகிறோம்" என்று சொன்னதும் உறவுக்காரர்கள் முகம் மாறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். நாலு வயதில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று என்று இரண்டு குழந்தைகளை வைத்திருக்கும் எனக்கு, இந்த வருஷம் காசு கொடுத்து வாங்கியதிலேயே உருப்படியானது எது என்று கேட்டால், கணபதி பகுதியில் எங்கள் தெருமுனையில் விற்கிற இட்லி மாவு என்றுதான் சொல்வேன்.

கடை என்றால் வீட்டு முன்பக்கத்து ஒரு அறை, அவ்வளவுதான். ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நடத்துகிறார்கள். காலையில் ஊறப்போட்டு, மதியம் ஆட்டி, நாலு மணிக்கு மேல் விற்பனை. கிலோ 50 ரூபாய். சில நாட்களில் ராகி மாவும் கம்பு மாவும் இருக்கும். கிரைண்டர் நம் கண் எதிரிலேயே ஓடுகிறது, பாத்திரங்கள் சுத்தமாக இருக்கின்றன, எந்தத் தண்ணீரில் ஆட்டுகிறீர்கள் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்கள். மாவு வேக வைக்காத பொருள், அதனால் தண்ணீரைப் பற்றிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், எந்தக் கடையாக இருந்தாலும் கேளுங்கள்.

இட்லி அரிசி நாலு பங்கு, உருட்டு உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். சோடா கிடையாது. சோடா அதிகமாக விழுந்த மாவில் இட்லி லேசாக மஞ்சள் தட்டும், நாக்கில் ஒரு வழவழப்பான கசப்பு நிற்கும். இங்கே அது எதுவும் இல்லை. புளிக்காத மாவாகத்தான் தருகிறார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. உளுந்தோடும் அரிசியோடும் வருகிற நுண்ணுயிர்களே மாவைப் புளிக்க வைத்து உப்ப வைத்துவிடும், 30 டிகிரி வெப்பம் அதற்குத் தோது. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் வாங்கினால் ராத்திரி படுக்கப்போவதற்குள் பொங்கிவிடுகிறது, உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மார்கழியில் விடிந்தாலும் அப்படியே கிடக்கும், வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மூடி வைத்துப் பாருங்கள். முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, அதற்கடுத்து வெங்காயம் போட்டுப் பணியாரம். ஒரு கிலோ எங்களுக்கு அப்படித்தான் தீர்கிறது.

இன்னொரு விஷயம், இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு உணவில் உப்புச் சேர்க்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வார்கள், கடை மாவிலோ உப்புப் போட்டுக் கலக்கித்தான் விற்பார்கள். சின்னவனுக்கு எட்டு மாதம் இருக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஏனுங்க அம்மிணி, குட்டிக்குங்களா? உப்புப் போடறதுக்கு முன்னாலயே ஒரு கிண்ணம் தனியா எடுத்து வெச்சரறேன், நாலு மணிக்கு வாங்க" என்றார். அதற்குத் தனிக் காசும் வாங்கியதில்லை.

மாவு மட்டும்தான் விஷயம் என்றால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். கடை மாவு வாங்க ஆரம்பிக்கும் முன் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே மாவு ஆட்டும் நாளாக இருந்தது. உளுந்து பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும், அரிசி நறநறவென்று இருக்கக் கூடாது, கல்லைக் கழற்றிக் கழுவ வேண்டும். இதற்குள் ஒன்று தவழ்ந்து வந்து ஒயரை இழுக்கும், இன்னொன்று மாவில் கையை விடும். நாலு வயதுக்காரி மாவில் கை விடத்தான் செய்வாள், அதில் அவள் தப்பு என்ன இருக்கிறது? வாரத்தில் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து இருக்கிற ஒரே நாளின் பாதி, "தொடாதே, தள்ளிப் போ" என்பதிலேயே போகும்.

என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது கடை மாவைப் பார்த்து ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: "நாங்க ஆட்டாங்கல்லுல ஆட்டுனப்ப வீட்டுல எட்டுப் பேர் இருந்தோம் கண்ணு. ஒருத்தி ஆட்டுனா ஒருத்தி புள்ளைய வெச்சுக்குவா. நீ ஒத்தையில என்ன பண்ணுவ, வாங்கிக்கோ." இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நல்ல அம்மா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாம் மனதில் வைத்திருக்கும் அளவுகோல் எட்டுப் பேர் இருந்த வீட்டில் உருவானது, அதை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் ஒருத்தி தனியாக எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள். அதன்மேல் இப்போது பூப்போல வெட்டிய கேரட், கரடி முகம் வைத்த சாதம் என்று போனைத் திறந்தால் வருகிற டிபன் பாக்ஸ் படங்கள் வேறு. எனக்கு அந்தப் படங்கள்மேல் கோபம் இல்லை, அவற்றைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு அழுதுகொண்டிருக்கும் என் தோழிகளைப் பற்றித்தான் கவலை.

டொனால்ட் வின்னிகாட் என்று இங்கிலாந்தில் ஒரு குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வாளர். 1953ல் வந்த ஒரு கட்டுரையில் அவர் சொன்னது: அம்மா ஆரம்பத்தில் கைக்குழந்தைக்கு ஏறக்குறைய முழுசாக வளைந்து கொடுப்பாள், அப்புறம் குழந்தைக்குத் தாங்கும் சக்தி வர வர அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வாள், அந்தச் சின்னச் சின்னக் குறைகளில்தான் குழந்தை வெளியுலகத்தைப் பழகும். போதுமான அளவு நல்ல அம்மாவே குழந்தைக்குப் போதும் என்கிறார். எங்கள் வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தேன். மாவு பொங்காமல் இட்லி கெட்டியாக வந்த ஒரு காலையில் பெரியவள் தட்டைத் தள்ளிவிட்டு, "சரி, எனக்குத் தோசையா ஊத்திக் குடும்மா" என்றாள். அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கூட ஒரு கரண்டி மாவு கேட்டு அவளே கல்லில் ஊற்றினாள், தோசை எந்த வடிவத்திலும் வரவில்லை, முழுசும் சாப்பிட்டாள்.

குறைகளும் உண்டு. வீட்டில் ஆட்டுகிற மாவின் மென்மை இதில் வராது, நல்ல உளுந்தைப் புதுசாகப் பொங்க ஆட்டினால் வருகிற பஞ்சு இட்லி தனிதான். சனிக்கிழமை ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும். அமாவாசைக்குக் கடை கிடையாது. அந்த மாதிரி நாட்களில் பாக்கெட் மாவு வாங்குவேன். தேதி பாருங்கள், பாக்கெட் உப்பியிருந்தால் எடுக்காதீர்கள், வழியில் எங்கேயோ குளிர் விட்டுப்போய் அதிகமாகப் புளித்திருக்கும்.

கிரைண்டரை நான் விற்கவில்லை. பொங்கல், தீபாவளிக்கு ஆட்டுகிறேன், அப்போது என் வீட்டுக்காரர் குழந்தைகளை வைத்துக்கொள்கிறார்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். போகிறவர்கள் ஆறு மணிக்குள் போங்கள். 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை போட்டு எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை, அக்காவும் கவர் தருவதில்லை, அதனால் தூக்குப்போசி கொண்டுபோங்கள், பொங்கி வழியாமலிருக்க மேலே நாலு விரல் இடம் விட்டு வாங்குங்கள். வீட்டில் ஒரு வயதுக்குள் குழந்தை இருந்தால் உப்பில்லாத மாவுக்கு முந்தின நாளே சொல்லி வையுங்கள்.