ஓரக்குறிப்பு வேதாகமம்: சந்தேகத்தோடு வாசிப்பவருக்கு ஏற்ற பதிப்பு எது?

வேதம் முழுவதையும் நம்ப வேண்டும் என்ற வாஞ்சையும், சில வசனங்களில் வந்து இடறும் மனமும் ஒரே ஆளுக்குள் சேர்ந்திருப்பது சகஜம். பவுலின் நிருபங்களில் புரிந்துகொள்ளக் கடினமானவை உண்டு என்று பேதுருவே எழுதியிருக்கிறார் (2 பேதுரு 3:16). அப்படி வாசிப்பவர் கையில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது முக்கியம். வசனம் மட்டும் உள்ளது ஒரு வகை. ஓரத்தில் ஒத்தவசனங்களும் (அதே விஷயத்தைப் பேசும் மற்ற வசனங்களுக்கான சுட்டுகள்) அடியில் பாடபேதக் குறிப்புகளும் (பிரதிக்குப் பிரதி வாசகம் மாறும் இடங்களைச் சொல்பவை) கொண்டது இன்னொரு வகை. பக்கத்தில் பாதியை விளக்கவுரை பிடித்துக்கொள்ளும் ஆய்வுப் பதிப்பு மூன்றாவது. சந்தேகத்தோடு போராடுகிறவருக்கு நாங்கள் சொல்வது இரண்டாவது வகையான ஓரக்குறிப்புப் பதிப்பைத்தான். அது எதையும் மறைக்காது, நமக்குப் பதிலாக யோசிக்கவும் செய்யாது.

வாங்குமுன் 2 நாளாகமம் 22:2-ஐத் திறந்து பாருங்கள். எபிரெய மூலத்தில் அகசியா ராஜாவானபோது அவனுக்கு வயது 42. 2 இராஜாக்கள் 8:26-ல் 22. இரண்டே வசனம் மேலே, 21:20-ல், அவன் தகப்பன் யோராம் 32 வயதில் ராஜாவாகி 8 வருஷம் ஆண்டு இறந்ததாக இருக்கிறது. 40 வயதில் இறந்தவனின் கடைசி மகனுக்கு 42 வயது இருக்க வழியே இல்லை. சில கிரேக்கப் பிரதிகளிலும் சீரியாக் மொழிபெயர்ப்பிலும் 22 என்றே உள்ளது. படியெடுக்கும்போது எண் மாறிப்போயிற்று என்பதே பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் விளக்கம். நல்ல பதிப்பு இதை அடிக்குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிடும். 42 என்று போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும் பதிப்பு வாசகரைத் தனியே விட்டுவிடுகிறது. குறிப்பே இல்லாமல் 22 என்று திருத்தும் பதிப்பு இன்னும் மோசம்: மூலத்தில் வேறு எண் இருப்பது பின்னால் தெரியவந்தால், மற்ற பக்கங்களின் மேலும் சந்தேகம் விழும். தேவ ஆவியின் அருளுதல் மூல எழுத்துக்கு உரியது, படியெடுத்தவரின் ஒவ்வொரு கைத்தவறுக்கும் அல்ல. வேதம் பிழையற்றது என்று அறிக்கையிட்டு 1978-ல் சிகாகோவில் வெளியான அறிக்கையும் இதையே சொல்கிறது.

அடுத்து மாற்கு 16:9, யோவான் 7:53, 1 யோவான் 5:7 மூன்றையும் பாருங்கள். மாற்கின் கடைசி 12 வசனங்கள் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை. பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிய 1 யோவான் வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. அறிஞர் எராஸ்மஸ் தாம் அச்சிட்டு வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் அதை விட்டுவிட்டு, 1522-ல்தான் சேர்த்தார். முதல்முறை இதைக் கேள்விப்படுகிறவருக்குத் தலை சுற்றும். அதனால்தான் பக்கத்திலேயே ஒத்தவசனமும் வேண்டும்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற நாமம் மத்தேயு 28:19-ல் உறுதியாக நிற்கிறது, 2 கொரிந்தியர் 13:14-ம் அப்படியே. ஒரு வரி போனதால் உபதேசம் போகவில்லை. பிரதிகள் எவ்வளவு கவனமாகக் கைமாறின என்று அறிய விரும்புகிறவர் சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த ஏசாயாச் சுருளைப் பற்றிப் படிக்கலாம். 66 அதிகாரமும் கொண்ட அது, அதுவரை கையிலிருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய 1000 வருஷம் பழையது. எழுத்துக்கூட்டலிலும் சில சொற்களிலும் வேறுபாடு நிறைய உண்டு. ஆனாலும் வாசிக்கும்போது அது நாம் அறிந்த அதே ஏசாயாதான்.

ஒத்தவசனங்களைப் பயன்படுத்துவதில் பலர் தவறுகிறார்கள். அப்போஸ்தலர் 9:7-ல், தமஸ்குவுக்குப் போகும் வழியில் சவுலோடு (பின்னாளில் பவுல்) இருந்தவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள், 22:9-ல் கேட்கவில்லை. 9, 22, 26 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே அமர்வில் முழுதாக வாசியுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே கிரேக்க வினைச்சொல், ஆனால் 'சத்தம்' என்ற பெயர் நிற்கும் வேற்றுமை வேறு. காதில் விழுந்தது, பேச்சு விளங்கவில்லை என்று பலர் இதை விளக்குகிறார்கள். 'சொன்னேனே, கேட்கலையா?' என்று நாம் சொல்வதிலும் இந்த இரண்டு பொருளும் இருக்கிறதல்லவா? அதே நேரத்தில், ஓரத்தில் இருக்கும் எல்லாச் சுட்டும் சமமல்ல. ஒரே சொல் வருகிறது என்பதற்காக மட்டும் போட்டவை ஏராளம். ஒரு வசனத்துக்கு மூன்று சுட்டுக்கு மேல் துரத்தினால் நூல் அறுந்துபோகும்.

இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பு மையில் அச்சிடும் சிவப்பெழுத்துப் பதிப்பை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 1899-ல் தொடங்கிய இந்த வழக்கம், இயேசு பேசியது ஒரு படி மேல், மற்றது ஒரு படி கீழ் என்ற எண்ணத்தைக் கண்ணுக்குப் பழக்கிவிடுகிறது. பவுல் சொன்னதை நம்பத் தயங்குகிறவருக்கு இது கூடுதல் தடுமாற்றம். கிரேக்க மூலத்தில் மேற்கோள் குறி கிடையாது. யோவான் 3-ல் ஆண்டவரின் பேச்சு 15-ஆம் வசனத்தில் முடிகிறதா, 21-லா என்பதே விவாதத்தில் இருக்கும்போது அச்சகம் மை போட்டுத் தீர்மானித்துவிடுகிறது.

ஆய்வுப் பதிப்பு பயனற்றதல்ல. வரைபடம், அளவைகள், காலவரிசைக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் யூதாஸின் முடிவைப் பாருங்கள். மத்தேயு 27:5-ல் நான்றுகொண்டான். அப்போஸ்தலர் 1:18-ல் விழுந்து வயிறு வெடித்தது. 'கயிறு அறுந்து விழுந்தான்' என்று ஒரு குறிப்பு தீர்ப்புபோல எழுதிவிடும். அது நடந்திருக்கலாம், ஆனால் வேதத்தில் கயிறு அறுந்ததாக இல்லை. குறிப்பையும் வசனத்தையும் ஒன்றாக நம்பியவருக்குக் குறிப்பு உடையும் நாளில் வசனமும் உடைந்ததுபோல் ஆகிவிடும்.

ஓரக்குறிப்புப் பதிப்பு கைவிடும் இடமும் உண்டு. பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்னும் சங்கீதம் 137:9-ஐ வாசித்து நெஞ்சு நடுங்குகிறவருக்கு ஏசாயா 13:16-ஐச் சுட்டலாம். பாபிலோன்மேல் சொன்ன நியாயத்தீர்ப்போடு அது இணையும், வலி குறையாது. அதற்குச் சபையில் மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

மொத்தம் 1189 அதிகாரம். நாளுக்கு 3, ஞாயிறு 5 என்றால் ஒரு வருஷத்தில் முடியும். இடறும் வசனத்தின் ஓரத்தில் கேள்விக்குறியும் தேதியும் போட்டுவிட்டு மேலே போங்கள். அங்கேயே நின்றால் லேவியராகமம் தாண்டுவது கடினம். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து, விடை கிடைத்த குறிகளுக்குப் பக்கத்தில் எந்த வசனம் உதவியது என்று எழுதுங்கள். தாள் மிக மெல்லியது, ஜெல் பேனா மறுபக்கம் ஊறும், பென்சில் போதும். ஒட்டிய கட்டு வேண்டாம், தைத்த கட்டாக இருக்கட்டும். சுட்டெழுத்துகள் கண்ணாடி போட்டும் தெரியவில்லை என்றால் ஒரு அளவு பெரிய பதிப்பை வாங்குங்கள்.